வட்டு கைமாறும், கணக்கு கைமாறாது

பிரான்சில் பழைய பொருள் வாங்கி விற்கிற கடைக்காரர் எவரும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விற்க வந்தவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பொருளின் விவரம், எடுத்த விலை, தேதி எல்லாவற்றையும் அதில் எழுதவேண்டும். களவுப் பொருள் சந்தைக்குள் வராமல் பார்ப்பதற்கான ஏற்பாடு இது. பொலிஸார் வந்து கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும். பழைய நகைக்கும் பழைய தளபாடத்துக்கும் உள்ள அதே சட்டம்தான் பரிஸில் பழைய வீடியோ கேம் வாங்கி விற்கும் எனக்கும். என் பதிவேடுகளை வரிசையாக எடுத்துப் புரட்டினால் ஒரு தொழில் எழும்பியதும் ஒடுங்கியதும் தெரியும். முதல் புத்தகங்களில் கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களும் பிளேஸ்டேஷன் வட்டுகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. 2005க்குப் பிறகு கணினி கேம் என்ற பதிவே இல்லை. கடைசிப் புத்தகங்களில் கேம்களைவிடக் கைபேசிகள்தான் அதிகம்.

இந்தத் தொழிலை எந்தப் பாராளுமன்றமும் தடை செய்யவில்லை. எந்தத் தேர்தலிலும் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. காசு கொடுத்து வாங்கியதை இன்னொருவருக்கு விற்கலாம், கொடுக்கலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம் என்ற உரிமை சட்டப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த விடாமல் செய்தது, கேமை ஒரு கணக்கோடு கட்டிவிட்ட ஏற்பாடு. அது எப்படி நடந்தது என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பரிஸ் வந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வகுப்பில் எல்லாப் பெடியளிடமும் சூப்பர் நிண்டெண்டோ அல்லது மெகா டிரைவ் இருந்தது. புதுக் கார்ட்ரிட்ஜ் ஒன்று 400 பிராங் அளவில் விற்ற காலம் அது. எங்கள் வீட்டு நிலைமையில் அது ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. ஆனால் ரெப்யூப்ளிக் சதுக்கத்திலிருந்து இறங்கும் புல்வார் வோல்த்தேர் தெருவில் பழைய கேம் கடைகள் இருந்தன. அங்கே பாதி விலை. முடித்த கேமைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்ததன் விலையில் கழிப்பார்கள். ஒரே ஒரு கார்ட்ரிட்ஜில் தொடங்கி, மாற்றி மாற்றி, வருடம் முழுக்க விளையாடிய பிள்ளைகள் நாங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பொழுதுபோக்கின் கதவைத் திறந்து வைத்தது இந்தப் பழைய சந்தைதான். அதனால்தான் பிறகு நானும் இதே தொழிலுக்கு வந்தேன். பிராங் போய் யூரோ வந்த நேரத்தில் லாச்சப்பல் பக்கம் கடையைத் திறந்தேன்.

கார்ட்ரிட்ஜ் என்பது அதை வைத்திருந்தவரையும் கொஞ்சம் சுமந்துகொண்டு வரும் பொருள். 1999 அக்டோபரில் போகிமான் பிரான்சுக்கு வந்தது. அதன் பழைய பிரதி ஒன்றை வாங்கிப் போட்டால், முன்பு வைத்திருந்த பிள்ளை தன் வீரனுக்கு வைத்த பெயரும் அது பிடித்த போகிமான்களும் உள்ளே அப்படியே இருக்கும். சேமிப்பைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. அது செத்தால் கேம் போகாது, சேமிப்பு மட்டும் போகும். பேட்டரியை மாற்றிக் கொடுப்போம். வட்டுகள் வந்த பிறகு கீறல் பார்ப்பது வேலையாயிற்று. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, கீறல் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்து விலை சொல்வோம். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் பெரும்பாலும் பிரச்சினை தராது. வட்டமாகச் சுற்றி ஓடினால் ஆபத்து. மெருகுபோடும் இயந்திரமும் வைத்திருந்தோம். யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு பொருளைப் பழுதுபார்த்து அடுத்தவர் கைக்குக் கொடுத்தோம்.

இந்த உரிமையின் சட்டக் கதை கேம்களுக்கு வெகு முந்தியது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நாவல் வழக்கு வந்தது. 'த காஸ்ட்அவே' என்ற அந்த நாவலின் உள்ளே, ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமை மீறல் என்று பாப்ஸ் மெரில் நிறுவனம் அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. பதிப்பாளர் வழக்குப் போட்டார்; தோற்றார். ஒரு பிரதியை விற்ற பிறகு அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்குப் பிடி இல்லை என்றது நீதிமன்றம். ஐரோப்பாவிலும் இதே கொள்கை உண்டு: முதல் விற்பனையோடு அந்தப் பிரதிமேல் இருந்த விநியோக உரிமை தீர்ந்துவிடும்.

கேம் நிறுவனங்களுக்குப் பழைய சந்தை ஆரம்பத்திலிருந்தே முள்தான். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து பழைய கேம் கடைகளை வழக்குக்கு இழுத்தன. வீடியோ கேம் ஒரு திரைப்படம் மாதிரி. திரைப்படப் பிரதி எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது தயாரிப்பாளர். ஆகவே பழைய கேம் விற்க எங்கள் அனுமதி வேண்டும் என்பது அவர்களின் வாதம். 2002 ஏப்ரல் 25ஆம் தேதி ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேம் திரைப்பட வகைப் படைப்புத்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் திரையரங்குக்குப் போகாமல் பொதுமக்களுக்கு நேரே விற்கப்படும் பிரதி இது. முதல் விற்பனையோடு உரிமை தீர்ந்தது. கடைக்காரர் விற்கலாம் என்றது. இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிரான்சின் வழக்குக்கு வரும்போது தேவைப்படும்.

கையில் பொருளே இல்லாமல் கேம் கொடுக்கும் யோசனையும் பழையதே. 1981இல் அமெரிக்காவில் இன்டெலிவிஷன் கருவிக்கு கேபிள் வழியாக கேம் அனுப்பினார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் கேம் போய்விடும். 1983இல் அட்டாரிக்குத் தொலைபேசி வழியாக கேம் இறக்கும் கேம்லைன் வந்தது. இவற்றில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாடகை என்று சொல்லி வாடகை வாங்கினார்கள்.

எங்கள் கதை திரும்பிய நாள் 2004 நவம்பர் 16. 'ஹாஃப்-லைஃப் 2' அன்றைக்குத்தான் வெளியானது. அதைச் செய்த வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டீம் என்ற இணையச் சேவையில் கணக்குத் திறந்து, பெட்டியில் உள்ள இலக்கத்தை அதில் பதிந்தால்தான் கேம் ஓடும். கடையில் பெட்டியாக வாங்கினாலும் அதே நிபந்தனை. சில மாதத்தில் ஒரு மாணவன் அந்தப் பெட்டியோடு கடைக்கு வந்தான். ஐந்து சீடிக்களும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

"அண்ணை, இதை எடுப்பீங்களோ? புதுசு மாதிரி வைச்சிருக்கிறன்."

"தம்பி, சீடியை நான் எடுக்கலாம். ஆனா வாங்கிற ஆள் விளையாடேலாது. இலக்கம் உன்ரை கணக்கிலை பதிஞ்சிருக்கு."

"அப்ப கணக்கையும் சேர்த்து விக்கிறன்."

கணக்கை விற்பதை நிபந்தனை தடுக்கிறது, தெரிந்தால் மூடிவிடுவார்கள் என்று விளக்கினேன். காசு கொடுத்து வாங்கின பெட்டியைத்தானே விற்கிறேன் என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் கேட்டது முழுக்க நியாயம். அந்த வருடமே கணினி கேம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். பரிஸில் மற்றக் கடைகளும் ஒவ்வொன்றாக நிறுத்தின.

ஜெர்மனியில் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு இதே கேமுக்காக வால்வை வழக்குக்கு இழுத்தது. 2010 பிப்ரவரியில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: வட்டை விற்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை யாரும் தடுக்கவில்லை. கணக்கை மாற்றக்கூடாது என்ற நிபந்தனையும் செல்லும். கணக்கு இல்லாமல் வட்டை வாங்க ஆள் வராது என்பது அந்த உரிமையை மீறியதாகாது. முதல்தரம் இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. உரிமை இருக்கிறது, ஆனால் அதற்குப் பெறுமதி இல்லை என்பதை ஒரு பெரிய நீதிமன்றம் பிழையில்லை என்று ஏற்றுக்கொண்டுவிட்டது.

வீட்டுத் தொலைக்காட்சியில் போடும் கருவிகளின் வட்டு வியாபாரம் இன்னும் சில வருடம் ஓடியது. அதையும் நிறுவனங்கள் விடவில்லை. 2010இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. பெட்டிக்குள் ஒரே ஒரு தரம் பாவிக்கும் இலக்கம் இருக்கும். அதைப் பதிந்தால்தான் இணையத்தில் மற்றவர்களோடு ஆடலாம். பழைய பிரதி வாங்கியவர் பத்து டாலர் அளவில் தனியாகக் கட்டவேண்டும். கடைக்கு வந்து "நீங்கள் ஏமாற்றிப் போட்டீங்கள்" என்று என்னிடம் கத்திய தாய்மார் உண்டு. விலையைக் குறைத்து, முன்கூட்டியே சொல்லி, ஒட்டுத்தாள் ஒட்டி விற்றோம். 2013இல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அதே 2013இல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு இன்னும் கடுமையான திட்டம் சொன்னது. 24 மணி நேரத்துக்கு ஒரு தரம் கருவி இணையத்தில் தலைகாட்ட வேண்டும். வட்டும் கணக்கோடு கட்டப்படும். ஜூன் 10ஆம் தேதி சோனி மேடையேறி, தங்கள் வட்டை விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது அரங்கம் அதிர்ந்தது. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. வாங்குகிறவர்கள் சேர்ந்து கோபப்பட்டால் நடக்கும் என்பதற்கு இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி அந்த ஒன்பது நாள். ஆனால் வட்டைக் காப்பாற்றிய அதே ஆட்கள், வட்டே இல்லாமல் வாங்கும் பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் வட்டு போடும் இடம் கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பூட்டவேண்டும்.

இடையில் எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. 2012 ஜூலை 3ஆம் தேதி யூஸ்ட்சாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், காலவரையறை இல்லாமல் ஒரு விலைக்குக் கொடுத்த மென்பொருளை, இறக்கிக்கொண்டதாக இருந்தாலும், மறுபடி விற்கலாம் என்றது. அதை நம்பி 2015 டிசம்பரில் யூஎஃப்சி கே ஷுவாசீர் என்ற பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் பரிஸில் வால்வ் மீது வழக்குப் போட்டது. 1951இல் தொடங்கிய சங்கம் அது. சலவை இயந்திரம் முதல் வங்கிக் கட்டணம் வரை எதையும் விடாமல் பார்க்கிறவர்கள். 2019 செப்டம்பர் 17ஆம் தேதி தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. சந்தா என்று பெயர் வைத்தாலும், ஒரே விலை வாங்கிக்கொண்டு காலவரையறை இல்லாமல் கொடுப்பது விற்பனைதான். மறுவிற்பனையைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். கணக்கு மூடப்பட்டால் அதில் மிஞ்சிய காசு திரும்பாது என்ற நிபந்தனையும் அன்றைக்கு விழுந்தது. அன்று மாலை கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

வால்வ் மேன்முறையீடு செய்தது. 2022 அக்டோபர் 21ஆம் தேதி பரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுவிற்பனை பற்றிய தீர்ப்பைத் திருப்பியது. வீடியோ கேம் வெறும் மென்பொருள் இல்லை. படம், இசை, கதை சேர்ந்த கூட்டுப் படைப்பு. ஆகவே மென்பொருளுக்கான சட்டம் பொருந்தாது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பொதுப் பதிப்புரிமைச் சட்டமே பொருந்தும். அந்தச் சட்டத்தில் உரிமை தீர்வது கையில் தொடக்கூடிய பிரதிக்கு மட்டும் என்றது. 2024 அக்டோபர் 23ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அலுவலக மென்பொருளை ஆட்கள் அது காலாவதியாகும் வரை வைத்திருப்பார்கள். கேமையோ ஆடி முடித்ததும் விற்றுவிடுவார்கள், அது பல வருடத்துக்குப் பிறகும் புது ஆளுக்குப் பயன்படும். ஆகவே உரிமையாளருக்கு நட்டம் பெரிது என்பது அது. கேம் கைமாறக் கூடியது, கைமாறியும் பெறுமதி குறையாதது என்பதே அது கைமாறக் கூடாது என்பதற்குக் காரணமாகிவிட்டது. என் தொழில் நன்றாக நடந்ததை எடுத்து என் தொழிலுக்கே எதிரான சாட்சியாக வைத்தார்கள். ஜப்பானிய நீதிபதிகளும் கேம் மென்பொருளுக்கு மேலான படைப்பு என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் வாங்கியவர் பக்கம் நின்றார்கள். நட்டக் கணக்கிலும் ஒரு பக்கம் விடுபட்டது. மூன்று பழைய கேமைக் கொடுத்துவிட்டு அந்தக் காசைப் போட்டுப் புதுக் கேம் வாங்கிப்போன பிள்ளைகளை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்தேன். பழைய சந்தையில் புரண்ட காசு புதுச் சந்தைக்குத்தான் போனது.

விற்க முடியாமல் போனது ஒரு பாதி. மற்றப் பாதி, வைத்திருப்பதே நிச்சயமில்லை என்பது. அக்காவின் வங்கி அட்டை களவுபோனது. தனக்குத் தெரியாத கட்டணங்களையெல்லாம் திருப்பும்படி அவர் வங்கிக்குச் சொன்னார். அதில் மகன் வாங்கிய ஒரு கேமின் கட்டணமும் போய்விட்டது. கேம் நிறுவனம் அவனுடைய முழுக் கணக்கையும் பூட்டியது. பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் எல்லாரும் வாங்கிக் கொடுத்த கேம்கள் அத்தனையும் உள்ளே. "மாமா, ஒண்டுக்குத்தானே காசு பிரச்சினை, மற்றது எல்லாம் ஏன் போகுது?" என்று கேட்டான். காசைத் திரும்பக் கட்டுகிறோம் என்று நான் எழுதிய கடிதங்களுக்கு ஒரே அச்சுப் பதில். இன்றுவரை திறக்கவில்லை. என்னிடம் ஒருவர் ஒரு வட்டுக்குக் காசு பாக்கி வைத்தால், அவர் வீட்டு அலமாரியில் உள்ள எல்லா வட்டையும் நான் தூக்கிக்கொண்டு வரமுடியுமா? எந்த நீதிபதியும் அதைக் களவு என்பார். ஸ்டீமின் குடும்பப் பகிர்வில் இன்னொரு விதி உண்டு: உங்கள் பிரதியில் ஆடிய குடும்பத்து ஆள் ஏமாற்றிப் பிடிபட்டால், அந்த கேமில் உங்களுக்கும் தடை.

உள்ளூர்ச் சட்டம் துணிந்தால் இந்த நிபந்தனைகள் வளையும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. எந்தக் காரணத்துக்கும் காசு திரும்பாது என்று வால்வ் சொன்னதை எதிர்த்து அங்குள்ள போட்டி, நுகர்வோர் ஆணையம் 2014இல் வழக்குப் போட்டது. தாங்கள் அந்த நாட்டில் வியாபாரம் நடத்தவில்லை என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 2015 ஜூனில்தான், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பித் தரும் முறை ஸ்டீமில் உலகம் முழுக்க வந்தது.

வட்டு கையில் இருந்தால் பயமில்லை என்ற நினைப்பையும் 2024 உடைத்தது. யூபிசாஃப்டின் 'த க்ரூ' கார்ப் பந்தய கேம். லியோன் நகரத்து ஐவரி டவர் செய்து 2014 டிசம்பரில் வெளியானது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை மூடினார்கள். அடுத்த வாரங்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்தார்கள். என் அலமாரியில் அதன் வட்டுகள் சில இருந்தன. கீறல் இல்லை, பெட்டி புதுசு, ஆனால் ஓடாது. இறக்கி வைத்துவிட்டேன், அதை விற்பது ஏமாற்று.

அந்த மூடலில் பிறந்ததுதான் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். சேவையை நிறுத்துங்கள், ஆனால் வாங்கியவர் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டு நிறுத்துங்கள் என்பதே அதன் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவுக்குப் பத்து லட்சம் கையெழுத்து வேண்டும். 2025 ஜூலை 31ஆம் தேதி காலம் முடிந்தபோது 14 லட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை விற்பனை என்று காட்டக்கூடாது என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. நல்ல தொடக்கம். ஆனால் பறிக்கப்போகிறோம் என்று முன்னமே அறிவிக்கச் சொல்கிற சட்டம் அது, பறிப்பதைத் தடுக்கவில்லை.

பிரான்சில் நீதிமன்ற வழி அடைபட்டுவிட்டது. அடைத்தது 2001ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்டீம் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தியது. பிரதி என்றால் கையில் தொடும் பொருள் என்று இருந்த காலத்தில் எழுதியதை வைத்து இன்றைய பிள்ளைகளின் உடைமையை அளக்கிறார்கள். அதைத் திருத்தும் அதிகாரம் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கும் உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கும் உண்டு. ஒரு விலைக்கு வாங்கிய கேமை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற வழி வேண்டும். ஒரு கட்டணத் தகராறுக்காக முழுக் கணக்கையும் பூட்டக் கூடாது. இறந்தவரின் கேம்கள் அவர் பிள்ளைக்குப் போகவேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்கும் உள்ள நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த நகரத்தில் இருக்கிறோம். உங்கள் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினருக்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பிரெஞ்சில் எழுதக் கஷ்டம் என்றால் கடைக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.